காயமடைந்தவரின் பெயர், பதிவேட்டில் உள்ளபடி

மார்ச் 3

மாத்திரைக்கு,

திட்டுவதற்காகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துப் பிரிக்காமல் வைத்துவிடாதே. எனக்கு உன்னிடமிருந்து ஒரு காகிதம் வேண்டும். அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய். நான் போனில் பேசுவதை விட்டு நான்கு மாதமாகிறது. வலது காதில் வைத்தால் சுவரில் வைத்த மாதிரி. இடது காதில் வைத்தால் பேசுகிறவர் குரல் கேட்கும், பாப்பா அழுவது கேட்காது. இருப்பது ஒரு காது. அதையும் போனுக்குக் கொடுத்துவிட்டு நான் எப்படி நிம்மதியாகப் பேசுவது? "மெசேஜ் தட்டேன்" என்கிறார் உன் அண்ணன். திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. காகிதம் அப்படிச் செய்வதில்லை.

போன மாதம் காது டாக்டர்தான் கேட்டார். "ஏம்மா, குற்றத்துல அடிபட்டவங்களுக்கு அரசாங்கத்துல இழப்பீடு தர்றாங்களே, இன்னுமா எழுதிப் போடல?" அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அடித்தவன் பிடிபடாவிட்டாலும் தருவார்களாம். அது வந்தால் ஒரு கருவி வாங்கலாம். செத்த காதின் பக்கம் கேட்கிற சத்தத்தைப் பிடித்து நல்ல காதுக்கு அனுப்புமாம். உன் அண்ணன் சம்பளத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

விண்ணப்பம் பதினோரு பக்கம். ஆறு கேள்வி வரை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஏழாவதில் நின்றுவிட்டேன். 'காயமடைந்தவரின் பெயர், மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ளபடி.'

பதிவேட்டில் இருப்பது உன் பெயர்.

உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நான் ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. அக்டோபர் 12. பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றாய். மருந்துக்கடை கவுன்ட்டரில் உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். உன் வெள்ளைக் கோட்டு, அதில் நான் கூப்பிடும் 'மாத்திரை' இல்லை, உன் நிஜப் பெயரும் பதிவு எண்ணும் போட்ட பேட்ஜ். ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து தூக்க மாத்திரை கேட்டான். நான் சீட்டு கேட்டேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான், முகம் பார்ப்பதற்குள் அது என் வலது காதில் இறங்கியது. கல்லாவையும் அலமாரியையும் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். கேமரா என்று மாட்டியிருந்தது வெறும் டப்பா என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆம்புலன்ஸ்காரர் பேட்ஜைப் பார்த்து உன் பெயரை எழுதிக்கொண்டார். மறுநாள் போலீஸ் வந்தபோது எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கட்டிலருகே நீ உட்கார்ந்து பதில் சொன்னாய். நீ என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் தலையாட்டினேன். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

இழப்பீட்டு அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இருக்கிறார். கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. அவர் சொன்னார்: "பதிவேட்டுல பேர் இருக்கறவங்களே, அன்னிக்கு அங்க நான் இல்ல, இவங்கதான் இருந்தாங்கன்னு நோட்டரி முன்னாடி எழுதித் தரணும்மா. மத்ததை நாங்க பாத்துக்கறோம்." கடைசி நாள் ஏப்ரல் 12. சம்பவம் நடந்து ஆறு மாதம்.

ஒரு பக்கம் எழுது. போதும்.

அண்ணி

(அத்தை எங்கே என்று கேட்டால் உன் மருமகள் இன்னும் மருந்து அலமாரியைத்தான் காட்டுகிறாள்.)


மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உணவுக்கு முன் ஒருமுறை, உணவுக்குப் பின் ஒருமுறை படித்தேன். இரண்டு முறையும் ஜீரணமாகவில்லை.

இங்கே என் நிலைமை தெரியாமல் கேட்கிறீர்கள். நான் புதிதாகச் சேர்ந்த இந்த மருத்துவமனையில் மருந்தகம் அடித்தளத்தில் இருக்கிறது. வெயிலா மழையா என்று நோயாளிகளின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மே கடைசி வரை நான் தற்காலிகம். அதுவரை மூச்சுகூட அளந்துதான் விடவேண்டும். இந்த நேரத்தில், 'பணி நேரத்தில் நான் கவுன்ட்டரில் இல்லை, மருந்தாளுநர் அல்லாத என் அண்ணி என் கோட்டைப் போட்டுக்கொண்டு மருந்து கொடுத்தார்' என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அந்தக் காகிதம் மருந்தாளுநர் கவுன்சிலுக்குப் போகும். பதிவு ரத்தாகும். பிறகு நான் நான்கு வருடம் படித்ததை வைத்து வீட்டில் எல்லோருக்கும் இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கலாம்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஆஸ்பத்திரி, போலீஸ், கடையின் வருகைப் பதிவேடு, மூன்றிலும் என் பெயர்தானே இருக்கிறது? விண்ணப்பத்தை நானே என் பெயரில் போட்டுவிடுகிறேன். வருவதை அப்படியே உங்கள் கையில் தருகிறேன். ஒரு பைசா தொடமாட்டேன். பெயர் என்னுடையது, காது உங்களுடையது. யாருக்கும் நஷ்டமில்லை.

படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது திரும்பிக்கூடப் பார்க்காதவர் நீங்கள். இப்போது என் கையெழுத்து மட்டும் வேண்டும்.

பாப்பாவுக்கு முத்தம்.

மாத்திரை


மார்ச் 14

மாத்திரைக்கு,

ஐந்தாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் திட்டம் போட்டிருக்கிறாய். 'விண்ணப்பதாரர் அலுவலகம் நியமிக்கும் காது மருத்துவரிடம் நேரில் பரிசோதனைக்கு வரவேண்டும்.' கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நீ போய் அழுத்தாமல் உட்கார்ந்திருப்பாயா? கல்லூரி நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னதற்கே சிரித்துவிட்டு இறங்கி வந்தவள் நீ.

சரி, உன்னால் முடிகிறது என்றே வைத்துக்கொள். ஒன்பதாம் பக்கத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள். 'இச்சம்பவம் உங்கள் அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பதை உங்கள் சொற்களில் எழுதவும்.' அதில் நீ என்ன எழுதுவாய்?

நான் என்ன எழுதுவேன் என்று சொல்கிறேன். ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சத்தம் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பதுதான் போய்விட்டது. எல்லாமே இடது பக்கத்திலிருந்து வருகிறது. வலது பக்கம் வருகிற வண்டியும் இடது பக்கம்தான் வருகிறது. போன செவ்வாய்க்கிழமை பாப்பா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். "அம்மா, அம்மா" என்று கத்துகிறாள். நான் பால்கனிக்கு ஓடினேன். அங்கே இல்லை. மாடிப்படிக்கு ஓடினேன். இரண்டு மாடி இறங்கிவிட்டேன், தெரியுமா? அவள் நான் முதலில் நின்ற இடத்துக்குப் பின்னால், ஆறடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எதிர்வீட்டு அக்கா வந்து கதவைக் காட்டியபோது குழாய் திறந்திருந்தது, வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அன்று முழுக்க ஈரத்தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

இப்போது தூங்கும்போது இடது காது மேலே இருக்கிற மாதிரிதான் படுக்கிறேன். ஹெல்மெட் மாட்டிய யாரைப் பார்த்தாலும் நடைபாதையில் ஒதுங்கி நின்றுவிடுகிறேன். அவன் முகம் எனக்குத் தெரியாது, அதனால் எல்லோரும் அவன்தான்.

இதையெல்லாம் உன் பெயரில் எழுதச் சொல்கிறாயா? எனக்கு நடந்தது, மாத்திரை. பணத்துக்காக மட்டும் என்றால் நீ சொன்ன மாதிரிச் செய்துவிட்டுப் போகலாம். எங்கேயாவது ஒரு காகிதத்திலாவது அந்த அடி என் மேல் விழுந்தது என்று இருக்கவேண்டாமா?

உன் அண்ணனிடம் சொன்னேன். "ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. என்னை விட்டுடுங்க" என்றார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதற்கு இதுதான் பலன். அவரும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிறார்.

திரும்பிப் பார்க்காதது நானா? ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? அதை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

குளியலறை விஷயத்தைப் படித்துவிட்டு வேலையில் ஒரு சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தலைமை மருந்தாளுநர், "என்னம்மா, இந்த டாக்டர் கையெழுத்து அப்படித்தான் புரியுதா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். இதோ ஒன்று எழுதியிருக்கிறேன். நோட்டரி முத்திரையும் வாங்கியாகிவிட்டது. நகல் கீழே:

'சம்பவ நேரத்தில் நான் கடையின் உள்ளறையில் இருப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்க வந்திருந்த என் அண்ணி, குளிராக இருந்ததால் என் கோட்டை அணிந்து முன்பக்கம் அமர்ந்திருந்தார். அப்போது தாக்கப்பட்டவர் அவரே. குழப்பத்தில் பெயர் மாறிவிட்டது.'

பாருங்கள், காயம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது. நான் கடையை விட்டு வெளியே போகவில்லை. நீங்கள் மருந்து கொடுக்கவில்லை. இரண்டு பேரும் தப்பிக்கலாம். ஒரே ஒரு சின்னப் பொய். அதுவும் ஒரு சுவர் அகலத்துக்குத்தான்.

இதை வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மாத்திரை


மார்ச் 27

மாத்திரைக்கு,

உன் காகிதத்தைக் கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். எனக்கும் இதோடு முடிந்தால் போதும் என்றிருந்தது.

எழுத்தர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"உள்ள இருந்தாங்கன்னு எழுதியிருக்காங்க. இங்க அடிச்சிருக்கான், கண்ணாடி உடைஞ்சிருக்கு, கல்லாவை இழுத்துப் போட்டிருக்கான். உள்ள இருந்தவங்க ஏன்மா வெளிய வரல?"

நான் பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினதும் பக்கத்துத் தையல் கடைக்காரர்னு இருக்கு. விசாரிச்சா முதல்ல இதைத்தான் கேப்பாங்க. ஒண்ணு, இவங்க பயந்து ஒளிஞ்சிருக்காங்க. இல்ல, அவனோட இவங்களுக்கு ஏதோ ஏற்பாடு. உங்க நாத்தனார் எதை ஒத்துக்குவாங்க?"

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "நான் இதைப் பாக்கல. நடந்ததை எழுதிக் கொண்டாங்க."

உன்னைக் கள்ளி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து காகிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் ஒரு யோசனை வந்தது. நீ பல் வலிக்காகப் போனாய் என்று சீட்டு இருந்தால், உடம்பு முடியாமல் போனவள் என்று கவுன்சிலில் கொஞ்சம் இரக்கம் காட்டலாம் இல்லையா? உனக்கு உதவியாக இருக்கட்டும் என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே அந்தப் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் அக்டோபர் மாதம் முழுவதையும் புரட்டிக் காட்டினாள்.

அன்று உன் பெயர் அங்கே இல்லை. அதற்கு முந்தைய நாளும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. உன் பெயர் அங்கே எப்போதுமே இல்லை.

எங்கே போயிருந்தாய்?

அண்ணி


ஏப்ரல் 2

மாத்திரைக்கு,

ஆறு நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், மணி அடித்தால் எந்த வீட்டு மணி என்று எனக்குத் தெரியாது என்பதால். அவர் என்னைப் பார்த்தாலே "இல்லம்மா" என்று கையை விரித்துக்கொண்டே படியேறுகிறார்.

பல் டாக்டர் விஷயத்தை உன் அண்ணனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கே போயிருந்தாலும் சரி. யாரையாவது பார்க்கப் போயிருந்தாலும் எனக்கென்ன? ஆனால் ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகு, உன்னை மட்டும் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உறுத்தியது. பாப்பா தூங்கிவிட்டாள், உன் அண்ணன் குறட்டை விடுகிறார், எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும் அது அவர்தான். இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அன்று நான் உனக்கு உதவி செய்யவில்லை.

நீ என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணி, சும்மா உக்காந்திருங்க. யாராவது வந்தா மருந்தாளுநர் நாலு மணிக்கு வருவாங்கன்னு சொல்லுங்க. யாராவது சத்தம் போட்டா கேட்டதைக் குடுத்து அனுப்பிடுங்க, வம்பு வேண்டாம்." கோட்டு போடச் சொல்லவில்லை. நீ கதவைத் தாண்டியதும் ஆணியிலிருந்து எடுத்து நானேதான் போட்டுக்கொண்டேன். அது முதல் தடவையும் இல்லை. உனக்காக உட்கார்ந்த நான்கு முறையும் போட்டேன், நீ வருவதற்குள் கழற்றி மாட்டிவிட்டேன்.

வேதியியல் படித்தவள் நான். பாப்பா பிறந்து இரண்டு வருடமாக அளந்து கலப்பது பால் பவுடர் மட்டும்தான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் ஒரு கிழவர் வந்து, "டாக்டரம்மா, இதை எப்ப சாப்பிடணும்?" என்று கேட்பார். அட்டையைப் படித்துச் சொல்வேன். அவர் கும்பிடு போடுவார். உனக்கு அது தினசரிச் சலிப்பு. எனக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே மற்ற நாட்கள் ஓடின.

அந்த ஹெல்மெட்காரன் கேட்டதும் கொடுத்திருக்கலாம். நீ கொடுக்கச் சொல்லித்தான் போனாய். நான் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்று, "டாக்டர் சீட்டு இல்லாம இங்க எதுவும் தரமாட்டோம்" என்றேன். 'மாட்டோம்' என்றேன், கடையே என்னுடையது மாதிரி. அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

உன் பெயர் பதிவேட்டில் ஏறியதற்கு அந்தப் பேட்ஜ்தான் காரணம். அதைக் குத்திக்கொண்டது நான்.

இன்னும் பத்து நாள்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

உங்கள் இரண்டு கடிதமும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. முதலாவதைப் படித்துவிட்டு ஓடிப்போகலாமா என்று நினைத்தேன். இரண்டாவதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

யாரையும் பார்க்கப் போகவில்லை. அப்படி யாராவது இருந்தால் அண்ணனுக்கு முன்னால் உங்களிடம்தான் சொல்லியிருப்பேன். இந்த மருத்துவமனை நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நம் ஊரிலேயே ஒரு ஓட்டலில் அறை எடுத்து நடத்தினார்கள். வீட்டில் சொன்னால், "இங்க என்ன குறைச்சல், ஏன் போறே?" என்று எல்லோரும் பிடித்துக்கொள்வீர்கள், கிடைக்காவிட்டால் அதைவிட அசிங்கம். அதனால் பல் வலி.

மூன்றேகால் மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முதல் கேள்வி: "ஒரு மருந்தாளுநரோட முதல் கடமை என்னன்னு நினைக்கிறீங்க?" நான் கொஞ்சம்கூடத் தயங்காமல், "எந்தச் சூழ்நிலையிலயும் கவுன்ட்டரை விட்டுப் போகக்கூடாது சார்" என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தையல் கடைக்காரர் அழைத்திருக்கிறார். ஏழு முறை. நான் எடுக்கவில்லை. நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்த அன்று நான் பயத்தில்தான் என் பெயரைச் சொன்னேன். அதை அழகாக்க விரும்பவில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. கட்டிலில் தொங்கிய அட்டையில் என் பெயர் எழுதியிருந்தது. அதற்கு மேலே உங்கள் தலையில் கட்டு. இது எனக்கு விழவேண்டிய அடிதானே, என் பெயரிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படி இருந்தால் பாதியாவது நான் வாங்கிக்கொண்ட மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான். காகிதத்தில் வாங்கிக்கொண்டால் காதில் வலி குறையுமா?

நான் கிளம்பிய அன்று சொல்லாமல் போகவில்லை. நீங்கள் சமையலறை மேடையில் பாப்பாவை உட்கார வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் குளிர்சாதனப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். "அண்ணி, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டுப் போனேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். தாழ்ந்த குரலில் இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் திரும்பவே இல்லை. பாப்பா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரி, இதற்குமேல் கேட்க நமக்கு முகமில்லை என்று பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

இத்துடன் உறுதிமொழிப் பத்திரம் இருக்கிறது. இந்த முறை சுவர் இல்லை, உள்ளறை இல்லை. ஓட்டல், நேரம், பல் வலிப் பொய் எல்லாம் இருக்கிறது. கோட்டை நான்தான் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதை மட்டும் மாற்றாதீர்கள்.

பிறர் சொல்லித் தெரியவேண்டாம் என்று தலைமை மருந்தாளுநரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கி வைத்தார். பிறகு, "கவுன்சில் முடிவு வர்ற வரைக்கும் நீ கவுன்ட்டருக்கு வரவேண்டாம். ஸ்டோர்ல பெட்டி பிரி" என்றார். பெட்டி பிரிக்கிறேன். வேலையை விட்டு எடுப்பார்களா, வைத்துக்கொள்வார்களா, தெரியாது. ராத்திரி தூக்கம் வராமல், மாத்திரைகள் சூழ, மாத்திரை போடாமல் விழித்திருக்கிறேன்.

கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். கிழித்தாலும் கோபமில்லை. கொடுத்தாலும் இல்லை.

மாத்திரை


ஏப்ரல் 12

மாத்திரைக்கு,

இன்று காலை பதினோரு மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். கொடுத்தது மூன்றரை மணிக்கு. நடுவில் இருந்த நான்கரை மணி நேரம் உனக்குத் தெரியவேண்டும்.

எழுத்தர் உன் பத்திரத்தை முழுக்கப் படித்தார். "இது சரியா இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார், நான் இடது காதை ஜன்னலுக்குள் நீட்டவேண்டியிருந்தது. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன்மா. இதை உள்ள வாங்கிட்டா ஒரு நகல் கவுன்சிலுக்குத் தானா போயிடும். அப்புறம் திரும்ப வாங்க முடியாது. நாலு மணி வரைக்கும் ஜன்னல் திறந்திருக்கும். உக்காந்து யோசிங்க."

உட்கார்ந்தேன். என் பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு சமையல்காரர், அந்தப் பக்கம் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா. எல்லோர் மடியிலும் அதே பதினோரு பக்கம். உன் பத்திரத்தை மூன்று முறை பைக்குள் வைத்தேன், மூன்று முறை எடுத்தேன். கருவி இல்லாமல் எத்தனையோ பேர் வாழவில்லையா என்று நினைத்தேன். நீ அந்த அடித்தளத்தில் பெட்டி பிரித்துக்கொண்டிருப்பதை நினைத்தேன். ஒருமுறை எழுந்து வாசல் வரை போய்விட்டேன்.

மூன்றேகாலுக்கு என் மடியில் பாப்பா இல்லை. எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. "அம்மா" என்று கேட்டது. நான் இடது பக்கம் ஓடினேன், தண்ணீர்த் தொட்டி வரை. மறுபடியும் "அம்மா". திரும்பினேன், அங்கேயும் இல்லை. அப்போது அந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒன்றும் பேசாமல் ஒரே திசையில் கை நீட்டினார்கள். சமையல்காரர் கட்டுப் போட்ட கையாலேயே காட்டினார். அவள் கோப்பு அலமாரிக்கு வலது பக்கம் நின்று எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

அவளைத் தூக்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனேன்.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்தேன். 'சம்பவம் நிகழ்ந்ததில் விண்ணப்பதாரரின் பங்கு ஏதேனும் இருப்பின்' என்று பத்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி. அதுவரை கோடு போட்டு விட்டிருந்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: 'கோட்டையும் பேட்ஜையும் என் நாத்தனார் தரவில்லை. அவருக்குத் தெரியாமல் நானே எடுத்து அணிந்தேன். கேட்டதைக் கொடுத்து அனுப்பும்படி அவர் சொல்லியிருந்தும் நான் மறுத்தேன்.'

எழுத்தர் இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டார். "இதை எழுதணும்னு கட்டாயமே இல்லம்மா. எழுதினா தொகையைக் குறைப்பாங்க. சில சமயம் மொத்தமாவே தள்ளிடுவாங்க."

"அவ எழுதினதுல ஒரு வரி தப்பா இருக்கு சார்" என்றேன். "அதைத் திருத்தியிருக்கேன்."

மாற்றாதே என்று நீ சொன்னாய். மாற்றிவிட்டேன். இனி இரண்டு காகிதமும் ஒன்றாகத்தான் கவுன்சிலுக்குப் போகும். உன்னைக் கேட்டால் என்னையும் கேட்கட்டும்.

முத்திரை குத்தினார். ஏழாம் கேள்வியில் உன் பெயரை அடித்து என் பெயரை எழுதச் சொல்லி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வாங்கினார். முடிவு தெரிய ஒன்பது மாதம் ஆகலாமாம். ஒன்பது மாதம் என்றதும் சமையல்காரர், "அதுக்குள்ள இன்னொண்ணே பெத்துடலாம்" என்றார். மகனை இழந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து பாப்பாவின் செருப்பை மாட்டிவிட்டேன். பணம் வருமா, உன் பதிவு என்ன ஆகும், அவன் எங்கே இருக்கிறான், எதுவும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். பாப்பாவை மேடையில் உட்கார வைத்து, எதிரில் நின்று, ஊட்டுகிற மாதிரி கையை நீட்டினேன். அப்படி நின்றால் குளிர்சாதனப்பெட்டி எனக்கு வலது பக்கம்.

நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை, மாத்திரை. இரண்டு தடவையும் கேட்கவில்லை.

விடுப்பு கிடைத்ததும் வா. வாசலில் நின்று கூப்பிடாதே, நான் பால்கனிக்கு ஓடுவேன். கதவு திறந்தேதான் இருக்கும். நேரே உள்ளே வந்து, என் முகத்துக்கு எதிரே நின்று, இன்னொரு தடவை சொல்.

அண்ணி